மௌனப்படங்களுக்கு எழுதிய பெண்களின் தாள்கள்: கொழும்பில் இருந்து தேடுவோருக்கு மூன்று இணையச் சேவைகள்

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். லான்டர்ன் என்ற தேடுதளம், அமெரிக்கக் கொங்கிரஸ் நூலகத்தின் பதிப்புரிமைத் தாள்கள், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் பெண் திரைப்பட முன்னோடிகள் திட்டம் ஆகிய மூன்றும் இலவசம். மூன்றையும் சேர்த்துப் பயன்படுத்தினால், மௌனப்படங்களுக்கு எழுதிய ஒரு பெண்ணின் தொழில் வாழ்க்கையை வெள்ளவத்தையில் இருந்தபடியே ஆண்டு வாரியாகக் கட்டிவிடலாம். அவருடைய கடிதம், கணக்கு, நாட்குறிப்பு, கையெழுத்துப் பிரதி என்று சொந்தத் தாள்கள் வேண்டுமென்றால், இந்த மூன்றும் வாசல்வரைதான் கொண்டுவந்து விடும். உள்ளே போக மின்னஞ்சல் எழுத வேண்டும், காத்திருக்க வேண்டும், சிலவேளை பணமும் கட்ட வேண்டும்.

தொழில் தாள், சொந்தத் தாள் இரண்டும் ஏன் வேண்டும் என்பதற்கு ஜீன் கோன்டியர் என்பவரின் வழக்கு ஒன்றே போதும். கேலம் நிறுவனம் 1907இல் எடுத்த ஒரு ரீல் ‘பென் ஹர்’ படத்துக்குக் காட்சிக் குறிப்பு எழுதியவர் அவர். நாவலின் உரிமையைக் கேலம் வாங்கவில்லை. நாவலைப் பதிப்பித்த ஹாப்பர் சகோதரர்கள் வழக்குப் போட்டார்கள். 1911 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேலமுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஒரு நாவலைப் படமாக்கவும் உரிமை பெற வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டத்தில் நிலைபெற்றது அந்தத் தீர்ப்பால்தான். நீதியரசர் ஹோம்ஸ் எழுதிய அந்தத் தீர்ப்பைத் திறந்து வாசித்தால், நாவலைப் படித்துக் காட்சிகளாக எழுதித்தரக் கேலம் ஓர் ஆண்மகனை அமர்த்தியது என்று இருக்கிறது. எழுதியவரின் பெயர் இல்லை. பெண் என்ற உண்மையும் இல்லை. தானே எழுதினேன் என்று கோன்டியர் தன் நினைவுக் குறிப்பில் சொல்கிறார். அது 1928, 1929 ஆண்டுகளில் ஒரு பெண்கள் சஞ்சிகையில் தொடராக வந்தது. அதன் தட்டச்சுப் பிரதி நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாட்டின் உச்ச நீதிமன்றத் தாள் ஒன்று சொல்கிறது, எழுதியவளின் தாள் வேறொன்று சொல்கிறது. இந்த மதிப்பீடு முழுவதும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்: எந்தச் சேவை நம்மை எந்தத் தாளிடம் கொண்டுபோகிறது?

லான்டர்ன்

ஊடக வரலாற்று டிஜிட்டல் நூலகம் என்ற திட்டம் பழைய சினிமாச் சஞ்சிகைகளை ஸ்கேன் செய்து இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றி வைத்திருக்கிறது. அந்தப் பக்கங்களுக்குள் சொல் தேடும் கருவிதான் லான்டர்ன். 2013இல் திறக்கப்பட்டது, விஸ்கொன்சின் மெடிசன் பல்கலைக்கழகத்தில் இருந்து இயங்குகிறது. 1907 முதல் 1927 வரை வந்த மூவிங் பிக்சர் வேர்ல்ட், மோஷன் பிக்சர் நியூஸ், போட்டோப்ளே என்று மௌனப்படக் காலத்தின் முக்கியமான சஞ்சிகைகள் இதில் கிடைக்கின்றன. கணக்குத் திறக்கத் தேவையில்லை, கடவுச்சொல் தேவையில்லை.

பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். மேற்கோள் இல்லாமல் தேடினால் முதற்பெயர் ஓர் இடத்திலும் குடும்பப்பெயர் வேறோர் இடத்திலும் வரும் பக்கங்கள் எல்லாம் வந்து குவியும். அடுத்து ஆண்டு வரம்பைக் குறுக்குங்கள். கோன்டியருக்கு 1907 முதல் 1915 வரை போதும். வரம்பு போடாவிட்டால் பிற்காலத்து நினைவுக் கட்டுரைகளும் கலந்து வரும். அவை பிழைகளை ஒன்றிலிருந்து ஒன்று பார்த்து எழுதியவை.

பெயர் வரவில்லை என்றால் அந்தப் பெண் அங்கே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பெரும்பாலானோர் தேடலைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். மூவிங் பிக்சர் வேர்ல்டின் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒடுங்கிய பத்திகள், பொடி எழுத்து. வரி முடிகிற இடத்தில் பெயர் பாதியாக வெட்டுப்பட்டு, சிறு கோடு போட்டு, மிச்சம் அடுத்த வரியில் தொடங்கும். நம் கண் அதைச் சேர்த்து வாசிக்கும். எழுத்துணரி மென்பொருள் அதை இரண்டு சொல்லாகப் பதிந்து வைத்திருக்கும். மை பரவிய பக்கத்தில் ஆங்கில ‘ஐ’ எழுத்து ‘எல்’ ஆகும், ‘யூ’ எழுத்து ‘என்’ ஆகும். பத்திக்குக் குறுக்கே வாசித்துவிட்டால் முதல் பத்தியின் வரியும் அடுத்த பத்தியின் வரியும் ஒன்றோடொன்று பிணைந்துவிடும். ஆகவே ஒரே பெயரை நான்கைந்து விதமாகத் தேட வேண்டும்: முழுப் பெயர், ‘மிஸ்’ சேர்த்த குடும்பப்பெயர், குடும்பப்பெயர் மட்டும், எழுத்து மாறிய வடிவங்கள். அதற்கும் சிக்காவிட்டால் பெயரை விட்டுவிட்டு, படத்தின் தலைப்பையும் நிறுவனத்தின் பெயரையும் போட்டு வெளியான மாதத்தைச் சுற்றித் தேடுங்கள். விமர்சனப் பக்கம் கிடைத்துவிட்டால் மிச்சத்தைக் கண்ணால் வாசித்துக் கொள்ளலாம்.

ஆரம்ப ஆண்டுகளில் எழுதியவர் பெயரை அச்சிடும் வழக்கமே அரிது. 1910க்கு முந்திய பக்கங்களில் நிறுவனத்தின் பெயர் இருக்கும், ரீலின் நீளம் அடிக் கணக்கில் இருக்கும், கதைச் சுருக்கம் இருக்கும். யார் எழுதினார் என்பது இருக்காது. அந்தக் காலப் பகுதிக்கு லான்டர்ன் தனியாக விடை சொல்லாது.

பெண்களின் பெயர் மாறுவது இன்னொரு சிக்கல். லூசில் மக்வே தன் கணவருடன் சேர்ந்து எழுதிய நகைச்சுவைப் படங்களின் செய்திகளை ‘மிசிஸ் சிட்னி ட்ரூ’ என்று தேடினால்தான் பிடிக்கலாம். இரண்டு ஒஸ்கார் விருது பெற்ற பிரான்சஸ் மேரியன், ‘பிராங்க் எம். கிளிப்டன்’ என்ற ஆண் பெயரிலும் எழுதியிருக்கிறார். ஜீனி மக்பர்சனின் குடும்பப்பெயரை ஒவ்வொரு சஞ்சிகையும் ஒவ்வொரு மாதிரி அச்சிட்டது. நம்மவர் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது படுகிற பாட்டை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. தேடத் தொடங்கும் முன் ஒரு தாளில் பிறந்த பெயர், திருமணப் பெயர்கள், புனைபெயர், எழுத்து மாறுபாடு எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு போங்கள்.

தேடுசொல்லும் அந்தக் காலத்துச் சொல்லாக இருக்க வேண்டும். இன்று நாம் சொல்கிற ‘ஸ்க்ரீன்ப்ளே’ என்ற சொல்லை நம்பினால் ஏமாற்றம்தான். ‘சினாரியோ’, ‘போட்டோப்ளே’, ‘கொன்டினியூட்டி’, ‘அடப்டட் பை’, ‘டைட்டில்ஸ் பை’ என்பவற்றை ஆங்கிலத்தில் தட்டச்சிட வேண்டும். இவை ஒரே வேலைக்கான ஐந்து பெயர்கள் அல்ல என்பதையும் கவனியுங்கள். கதை தந்தவர் ஒருவர், அதைக் காட்சி வாரியாகப் பிரித்தவர் இன்னொருவர், திரையில் வரும் எழுத்து அட்டைகளை எழுதியவர் மூன்றாமவராக இருக்கலாம். ‘டைட்டில்ஸ் பை’ என்று வந்ததைப் பார்த்து முழுப் படத்தையும் அந்தப் பெண் எழுதினார் என்று கட்டுரையில் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு.

பக்கத்தைத் திறந்ததும் முகவரிப் பட்டையில் ‘என்’ எழுத்தோடு ஓர் எண் தெரியும். அது ஸ்கேன் செய்த தாளின் வரிசை எண். சஞ்சிகையில் அச்சான பக்க எண் அல்ல. அட்டையும் முன்பக்கங்களும் எண்ணில் சேர்வதால் இரண்டும் பொருந்தாது. மேற்கோள் காட்டும்போது படத்தில் தெரியும் அச்சுப் பக்க எண்ணையும் இதழின் திகதியையும் எடுங்கள். ஒரு தொகுதி பல வார இதழ்களைச் சேர்த்துக் கட்டியதாக இருக்கும். அதனால் திகதிக்காகப் பின்னோக்கிப் புரட்டி அந்த இதழின் முதற்பக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். சோம்பல் படாமல் செய்ய வேண்டிய வேலை இது.

தரவிறக்கத்தில் கவனம் வேண்டும். ஒரு தொகுதியின் பிடிஎப் பல நூறு எம்பி வரும். கைபேசி டேட்டாவில் இரண்டு தொகுதி இறக்கினால் பொதி முடிந்துவிடும். எழுத்து வடிவக் கோப்பு மிகச் சிறியது. முதலில் அதை இறக்கி, கணினியிலேயே திறந்து தேடுங்கள். இடம் தெரிந்த பிறகு அந்த ஒரு பக்கத்தின் படத்தை மட்டும் சேமித்தால் போதும். பிடிஎப்பில் படங்கள் நன்றாக அழுத்தப்பட்டிருப்பதால் பொடி எழுத்து மங்கும். நல்ல தரம் வேண்டிய பக்கத்துக்கு மூலப் படத்தை எடுங்கள்.

லான்டர்னில் கிடைப்பது பெரும்பாலும் நிறுவனங்கள் விரும்பி வெளியிட்ட செய்தி என்பதையும் மறக்கக் கூடாது. சம்பளம், வயது, எழுதிய படங்களின் எண்ணிக்கை எல்லாம் விளம்பரப் பிரிவு சொன்னவை. 1888இல் பிறந்த திரைக்கதை எழுத்தாளர் அனிதா லூஸுக்கு 1893 என்று பிறந்த ஆண்டு போட்ட குறிப்புகள் பல உண்டு. ஒரு செய்தியைப் பல சஞ்சிகைகளில் கண்டுவிட்டதால் அது உறுதியாகிவிடாது. எல்லாவற்றுக்கும் மூலம் விளம்பரப் பிரிவு அனுப்பிய ஒரே செய்திக் குறிப்பாக இருக்கலாம்.

தொழில் வாழ்க்கைக்கு ஐந்துக்கு நாலரை. சொந்தத் தாளுக்கு ஒன்று.

கொங்கிரஸ் நூலகப் பதிப்புரிமைத் தாள்கள்

மூன்றிலும் அதிகம் பேசப்படாததும் எங்களுக்கு மிகப் பிடித்ததும் இதுதான். 1912 ஓகஸ்டில் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் திரைப்படம் தனி வகையாகச் சேர்க்கப்பட்டது. பதிவுக்குப் படச்சுருளையும் விவரக் குறிப்பையும் ஒப்படைக்க வேண்டும். அன்றைய நைத்திரேட் சுருள் இலகுவில் தீப்பற்றும். நூலகம் அதை வைத்திருக்காமல் நிறுவனத்துக்கே திருப்பிக் கொடுத்தது. தாள் மட்டும் தங்கியது. அதன் விளைவு என்ன என்று யோசித்துப் பாருங்கள். 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளியான ஏறத்தாழ 11,000 முழுநீள மௌனப்படங்களில் 14 வீதம்தான் வெளியான வடிவில் 35 மிமீ சுருளாக எஞ்சியிருக்கிறது என்று அதே நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. குறைப் பிரதி, சிறிய அளவுச் சுருள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் மூன்றில் ஒரு பங்கை எட்டாது. சுருள் அழிந்த படத்துக்கும் தாள் இருக்கலாம் என்பதே இந்தச் சேவையின் பெறுமதி.

வழி இது. 1912 முதல் 1939 வரையான திரைப்படப் பதிவுகளைத் தொகுத்து 1951இல் அச்சான பட்டியல் நூலொன்று இணையத்தில் முழுமையாக இருக்கிறது. தலைப்புகள் அகர வரிசையில் வரும். ஒவ்வொரு பதிவிலும் ஆண்டு, ரீல் எண்ணிக்கை, எழுதியோர் விவரம், உரிமையாளர், பதிவுத் திகதி, கடைசியில் ‘எல்பி’ என்று தொடங்கும் இலக்கம். அந்த இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, பதிப்புரிமை விவரக் குறிப்புகள் தொகுப்புக்குள் படத்தின் தலைப்பைத் தேடி, வருகிற கோப்பில் இலக்கம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரே தலைப்பில் இரண்டு மூன்று படங்கள் இருப்பது சாதாரணம் என்பதால் இலக்கத்தைச் சரிபார்க்காமல் விடக் கூடாது.

உள்ளே என்ன இருக்கும் என்பது அதிர்ஷ்டம். சிலவற்றில் ஒரே ஒரு தாளில் கதைச் சுருக்கம். சிலவற்றில் திரையில் வந்த எழுத்து அட்டைகள் வரிசையாக, எண் போட்டு. சிலவற்றில் காட்சிக்குக் காட்சி முழுக் கொன்டினியூட்டி. காபன் தாள் வைத்து அடித்த பிரதியின் ஊதா அல்லது கறுப்பு எழுத்து, விளிம்பு தேய்ந்த தாள், பதிவு அலுவலகத்தின் முத்திரை எல்லாம் ஸ்கேனில் தெரியும். காபன் பிரதியில் எழுத்தின் ஓரம் மங்கலாக இருப்பதால் இங்கேயும் எழுத்துணரியை நம்ப முடியாது. கண்ணால்தான் வாசிக்க வேண்டும்.

குறைகள் உண்டு. சட்டத்தில் ‘ஆக்கியோன்’ என்ற இடத்தில் சம்பளத்துக்கு எழுதிய பெண்ணின் பெயர் வராமல் நிறுவனத்தின் பெயர் வருவது வழக்கம். நிறுவனம் ஒப்படைத்த இறுதித் தாள்தான் இங்கே இருக்கிறது. அந்தப் பெண் முதலில் எழுதியது என்ன, யார் வெட்டினார், யார் மாற்றினார் என்பது தெரியாது. எல்லாப் படங்களும் பதிவு செய்யப்படவும் இல்லை. 1912க்கு முன்னால் நிலைமை வேறு. அப்போது படங்களைப் புகைப்படமாகத்தான் பதிவு செய்ய முடிந்தது. படச்சுருளின் சட்டகங்களைப் புகைப்படத் தாளில் அச்சிட்டு ஒப்படைத்தார்கள். அந்தத் தாள் அச்சுகளில் இருந்து பிற்காலத்தில் படங்களை மீட்டெடுத்தது தனிக் கதை. எழுதியவரின் பெயர் அங்கேயும் கிடைக்காது.

தொழில் வாழ்க்கைக்கு நான்கு. எழுத்து நடையை அறிவதற்கு ஐந்து.

பெண் திரைப்பட முன்னோடிகள் திட்டம்

இதுவும் 2013இல் இணையத்துக்கு வந்தது. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆய்வாளர் ஒருவர் எழுதிய கட்டுரை. கட்டுரையை விடப் பயனுள்ளது அதன் அடியில் உள்ள பகுதி: எஞ்சியிருக்கும் படங்களும் அவை எந்தக் காப்பகத்தில் இருக்கின்றன என்பதும், அழிந்த படங்கள் தனியாக, அதற்கு மேல் சொந்தத் தாள்கள் எந்த நூலகத்தில் எந்தச் சேர்க்கையில் இருக்கின்றன என்ற குறிப்பு. இந்த ஒரு குறிப்புக்காகவே முதலில் இங்கே வாருங்கள், பிறகு லான்டர்னுக்குப் போங்கள். கட்டுரைகளின் நீளமும் ஆழமும் ஆளுக்கு ஆள் மாறும். சில குறிப்புகள் எழுதப்பட்டு ஆண்டுகள் ஆகிவிட்டதால் சேர்க்கை இடம் மாறியிருக்கலாம். ஆகவே நூலகத்தின் சொந்தத் தளத்தில் ஒரு தடவை உறுதிசெய்து கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் இருப்பவை

சொந்தத் தாளுக்கு வருவோம். எலினோர் கிளினின் தாள்கள் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில். பிரான்சஸ் மேரியனின் தாள்கள் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில். பியூலா மேரி டிக்ஸின் தாள்கள் ஒரிகன் பல்கலைக்கழகத்தில். அவற்றைத் தேடும்போது ‘பிளெபி’ என்ற திருமணப் பெயரையும் சேர்க்க வேண்டும். எங்கே இருக்கிறது என்றே தெரியாத பெண்ணுக்கு, ஆர்க்கைவ் கிரிட் என்ற தளத்தில் பல காப்பகங்களின் பட்டியல்களை ஒரே நேரத்தில் தேடலாம்.

இந்தத் தாள்களில் பெரும்பகுதி ஸ்கேன் செய்யப்படாதவை. இணையத்தில் கிடைப்பது பட்டியல்தான்: பெட்டி இலக்கம், கோப்புறை இலக்கம், ‘கடிதங்கள், 1919-1922’ என்ற மாதிரி ஒரு வரி. அளவு நேர்கோட்டு அடியில் (லீனியர் பூட்) சொல்லப்படும். ஒரு நேர்கோட்டு அடி என்றால் தட்டில் ஓரடி அகலத்துக்கு நிற்கும் தாள். ஏறத்தாழ 1,500 முதல் 2,000 தாள். ஒடுங்கிய ஆவணப் பெட்டி ஒன்று 5 அங்குல அகலம், அதாவது 0.42 அடி. இந்தக் கணக்குத் தெரியாமல் ‘முழுச் சேர்க்கையையும் அனுப்ப முடியுமா’ என்று கேட்டால் மறுப்புத்தான் வரும்.

மின்னஞ்சலில் ஆறு விடயங்கள் இருக்க வேண்டும்: சேர்க்கையின் சரியான பெயர், பெட்டி இலக்கம், கோப்புறை இலக்கம், எந்தத் திகதிக்குரிய தாள், படிப்பதற்கா பிரசுரத்துக்கா என்பது, எந்தத் தரத்தில் வேண்டும் என்பது. வாசிக்க மட்டும் என்றால் 300 டிபிஐ போதும். கோப்புறையில் எத்தனை பக்கம் இருக்கிறது, செலவு எவ்வளவு என்று முதல் கடிதத்திலேயே கேளுங்கள். வேலை தொடங்கும் முன் தொகையைத் தெரிந்துகொள்வது நல்லது. கொழும்பில் திங்கள் காலை அனுப்பினால் லொஸ் ஏஞ்சல்ஸில் ஞாயிறு மாலை. கோடையில் 12 மணி 30 நிமிடமும் குளிர்காலத்தில் 13 மணி 30 நிமிடமும் நாம் முந்தி நிற்கிறோம். இரவு பத்துமணிக்குப் பிறகு அனுப்பினால் அங்கே அலுவலகம் திறக்கும் வேளையில் உங்கள் கடிதம் மேலே இருக்கும். கட்டணம் டொலரில், உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முன்னதாகப் பார்த்துவையுங்கள்.

பதிப்புரிமை தனிப் பொறி. 1929 வரை அமெரிக்காவில் அச்சில் வெளியானவை இன்று பொதுச்சொத்து, யாரும் அச்சிடலாம். அச்சேறாத கடிதத்துக்கு வேறு கணக்கு: எழுதியவர் இறந்து 70 ஆண்டு. மௌனப்படங்களுக்கு எழுதிய ஜூன் மத்திஸ் 1927இல் இறந்தார். அவர் எழுதிய கடிதங்களை இப்போது தாராளமாக அச்சிடலாம். கோன்டியர் இறந்தது 1966. 2036 முடியும்வரை அவருடைய அச்சேறாத தாள்களுக்குப் பாதுகாப்பு உண்டு. மேரியன் 1973, ஆகவே 2043 வரை. நிறுவனத்தின் சம்பளத்துக்கு எழுதி அச்சேறாமல் கிடக்கும் பிரதிக்கு, எழுதிய ஆண்டிலிருந்து 120 ஆண்டு. ஒரே பெட்டியில் ஒரே பெண் எழுதிய கடிதம் ஒரு சட்டத்தில், காட்சிக் குறிப்பு இன்னொரு சட்டத்தில். காப்பகம் நகல் தந்தது என்பது பிரசுர அனுமதி தந்தது ஆகாது.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அனிதா லூஸின் கணக்குப் புத்தகத்தைக் காட்டலாம். 1912இல் பயோகிராப் நிறுவனம் அவருடைய ‘த நியூயோர்க் ஹட்’ கதையை 25 டொலருக்கு வாங்கியது. ஒரு கதை எந்த நிறுவனத்துக்குப் போனது, என்ன விலைக்குப் போனது என்று அந்த இளம் பெண் வரிசையாக எழுதி வைத்தார். சஞ்சிகையில் படத்தைப் பற்றிப் பாராட்டு வரும். எழுதியவள் கைக்கு என்ன வந்தது என்பது அவளுடைய புத்தகத்தில்தான் இருக்கும்.

நம் பக்கத்தில்

தமிழில் இதே வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து வைக்கும் ‘நூலகம்’ நிறுவனத்தின் தளம் முதல் நிறுத்தம். பல பழைய இதழ்களுக்கு எழுத்துணரியாக்கம் செய்த பகுதியும் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் மேலே சொன்ன சிக்கல் தமிழில் இரட்டிப்பு. 1936இல் தன் நாவலைத் தானே எழுதி இயக்கிப் படமாக்கிய டி. பி. ராஜலக்ஷ்மி ஊமைப்படங்களில் நடித்துப் பேசும்படத்துக்கு வந்தவர். அவரைத் தேடும்போது ராஜலக்ஷ்மி, ராஜலட்சுமி, இராஜலக்குமி, முதலெழுத்துகளோடும் இல்லாமலும், ‘ஸ்ரீமதி’ சேர்த்தும் விட்டும் பார்க்க வேண்டும். பழைய அச்சின் ‘ணை’, ‘லை’, ‘னை’ வடிவங்களை எழுத்துணரி குழப்பிவிடும் என்பதால் பெயரின் முதற்பாதியை மட்டும் தேடுவது பலன் தரும்.

அச்செடுப்பது பற்றி ஒரு வார்த்தை. சஞ்சிகைப் பக்கங்கள் ஏ4 தாளை விடப் பெரியவை. ஏ4இல் சுருக்கினால் பொடி எழுத்து மறைந்துவிடும், ஏ3 கேளுங்கள். போட்டோக்கொப்பிக் கடையில் இயந்திரத்தை ‘எழுத்து’ நிலையில் வைத்தால் படங்கள் கறுப்புத் திட்டாகிவிடும். ‘படம்’ நிலைக்கு மாற்றச் சொல்ல வேண்டும். மை தெளிக்கும் அச்சு கொழும்பின் ஈரத்தில் ஊறிப் பரவும், லேசர் அச்சு தாங்கும். கோப்புக்குப் பெயரிடும்போது ஆண்டு, மாதம், நாள், சஞ்சிகை, அச்சுப் பக்கம் என்ற வரிசையில் இட்டால் கணினி தானே காலவரிசையில் அடுக்கும்.

மௌனப்படக் காலத்தில் இந்தப் படங்கள் கொழும்புக்கும் வந்தன. அன்றைய ஆங்கில நாளேடுகள் கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. வாசகர் அனுமதி பெற்று, ஆண்டைச் சொல்லிக் கட்டைக் கேட்க வேண்டும். திரையரங்கு விளம்பரங்களில் நடிகர் பெயர் பெரிதாக இருக்கும், சிலவேளை நிறுவனத்தின் பெயரும் இருக்கும், எழுதியவர் பெயர் அரிது. படத்தின் தலைப்பையும் திகதியையும் எடுத்துக்கொண்டு லான்டர்னுக்கு வாருங்கள். அங்கிருந்து 1951 பட்டியலுக்கு, அங்கிருந்து எல்பி இலக்கத்துக்கு. அமெரிக்க வெளியீட்டுக்கும் கொழும்பு விளம்பரத்துக்கும் இடையில் மாதங்கள் கழிந்திருக்கும், தலைப்பும் மாறியிருக்கலாம் என்பதால் நடிகர் பெயரையும் வைத்துச் சரிபார்க்க வேண்டும். எழுதியவள் யார் என்று தெரிந்ததும் உங்கள் விளம்பர நகலின் ஓரத்தில் பென்சிலால் அவளுடைய பெயரை எழுதி, பக்கத்தில் எல்பி இலக்கத்தையும் குறித்து வையுங்கள்.